ஜூமும் கூகுள் மீட்டும் சும்மா கிடைக்கும்போது, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் வீடியோ கான்பரன்ஸுக்கு ஏன் லட்சக்கணக்கில் செலவழிக்கின்றன?

கேள்வி கேட்ட நண்பர் கொடுத்திருக்கும் விவரம் சுருக்கமாக: தலைமை அலுவலகம் ஒன்று, கிளைகள் மூன்று, நான்கிலும் வீடியோ கான்பரன்ஸ் வசதி செய்ய பன்னிரண்டு லட்சத்துக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. வீட்டில் பையன் போனை வைத்துக்கொண்டு முப்பது பேரோடு காசில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறான், அப்படியிருக்க இது பகல்கொள்ளை இல்லையா என்கிறார்.

பாதி பகல்கொள்ளைதான். மீதிப் பாதி நியாயமான செலவு. ஆனால் வாங்குகிறவர்கள் பேரம் பேசிக் குறைப்பது பெரும்பாலும் அந்த நியாயமான பாதியைத்தான். பெரிய டிவியும் கேமராவும் கண்ணுக்குத் தெரியும், முதலாளி பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். மைக், எதிரொலி குறையச் சுவரில் ஒட்ட வேண்டிய துணிப் பலகை, இண்டர்நெட் லைன் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது, அதனால் கத்தி அங்கேதான் விழும். இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கருவிகளை மாட்டுவதும் கழற்றுவதும் பழுது பார்ப்பதுமாகப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், படம் போய்விட்டது என்று நின்றுபோன கூட்டம் ஒன்றிரண்டுதான் பார்த்திருக்கிறேன். குரல் சரியில்லாமல் கெட்டுப்போன கூட்டத்துக்குக் கணக்கே இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் டெலிபோன் லைன் மூன்று வாங்குவோம். ஒரு லைனில் 64 கிலோபிட் சேனல் இரண்டு, ஆறு சேனலையும் சேர்த்துக் கட்டினால் 384 கிலோபிட். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு மீட்டிங் என்றால் ஒரே நேரத்தில் ஆறு எஸ்.டி.டி. கால் ஓடும், அக்கவுண்ட்ஸ்காரர் பில்லைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வருவார். அந்த 384-ல் வருகிற படம் எப்படி இருக்கும் என்கிறீர்கள்? ஆள் தலையைத் திருப்பினால் முகம் சதுரம் சதுரமாகச் சிதறி, அரை விநாடி கழித்து ஒன்றுசேரும். ஆனாலும் கூட்டம் நடந்தது, முடிவெடுத்தார்கள், எழுந்து போனார்கள். காரணம், அந்தக் கருவி முதலில் குரலுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் படத்துக்குக் கொடுக்கும்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். ஆறேழு வருடத்துக்கு முன்னால் ஹெட் ஆபீஸில் புது கான்பரன்ஸ் ஹால் கட்டினார்கள். இரண்டு பக்கம் கண்ணாடிச் சுவர், தரை கிரானைட், நடுவில் பளபளவென்று நீள மேஜை, எதிரே ஆள் உயர டிவி, பேசுகிறவர் பக்கம் தானாகத் திரும்பும் கேமரா. பார்க்க நட்சத்திர ஹோட்டல் மாதிரி இருக்கும். ஒரு திங்கட்கிழமை உற்பத்திக் கூட்டத்தில் ஆலையிலிருந்து மேனேஜர் "பஞ்சு இன்னும் ஐம்பது பேல் வேணும்" என்கிறார். ஹெட் ஆபீஸில் பர்ச்சேஸ்காரர் நோட்டில் எண்பது என்று எழுதிக்கொள்கிறார். லாரியே கிளம்பிவிட்டது. அப்புறம் "நான் ஐம்பதுன்னுதானே சொன்னேன்", "எல்லாரும் எண்பதுன்னுதான் கேட்டோம்" என்று பெரிய சண்டை. நெட் ஸ்லோ, வந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆலையில் நெட்டுக்கு ஒன்றும் இல்லை. அங்கே இருந்த மீட்டிங் அறையும் அச்சு அசலாக அதே கண்ணாடி, அதே கிரானைட். நடுவில் நின்று ஒருதரம் கைதட்டினேன். கோயில் மண்டபத்தில் தட்டின மாதிரி 'ங்ங்' என்று இழுத்தது. ஐம்பது, எண்பது, இரண்டுமே 'பது' என்று முடிகிற சொல், முன்னால் வரும் ஐம், எண் இரண்டும்தான் வித்தியாசம். மைக் தள்ளி இருந்தால் அந்த முன்பாதியைச் சுவரிலிருந்து திரும்பும் ஒலி மெழுகிவிடும். நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது, நம் இரண்டு காதும் மூளையும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடும். மைக்குக்கு ஏது மூளை, வந்ததை அப்படியே அள்ளிக் கொடுக்கும். கண்ணாடிக்குக் கனமான திரை, தரைக்குக் கம்பளம், பின்சுவரில் துணி போர்த்திய பலகை, மேஜையில் யாருக்கும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகாதபடி இரண்டு மைக் கூடுதலாக. இவ்வளவுதான் செய்தேன். அந்த டிவிக்குக் கொடுத்த பணத்தில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கேமரா இன்றைக்கும் பேசுகிறவர் பக்கம் அழகாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. மீட்டிங்கில் உங்கள் குரல் உங்களுக்கே எதிரொலியாகத் திரும்பி வந்தால் கோளாறு உங்கள் அறையில் இல்லை, எதிர்முனையில். அங்கே ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரல் அங்குள்ள மைக்குக்குள் மறுபடி நுழைந்து திரும்பி வருகிறது. நல்ல கருவிக்குள் இதைக் கழித்துவிடும் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், கூடுதல் விலையில் கணிசமான பங்கு அந்தக் கணக்குக்குத்தான். ஒரே அறையில் இரண்டு லேப்டாப்பில் ஸ்பீக்கரைத் திறந்து வைத்துச் சேர்ந்தால், அல்லது தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயரை மாட்டினால், அந்தக் கணக்கு தப்பிவிடும்.

இதை நான் நன்றாக அனுபவித்தது ஓர் அரசுத் துறையின் கூட்டத்தில். அரசு கூட்டங்களைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி: மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் 'விசி ஹால்' என்று ஒன்று இருக்கும், பத்தரை மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கே சோதனை ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி மாவட்டம் மாவட்டமாகக் கூப்பிடுவார்கள். "அரியலூர்?" "கேக்குது சார்." "செங்கல்பட்டு?" "கேக்குது சார், படமும் வருது." இப்படி 38 மாவட்டம். அன்றைக்கு மேலதிகாரி பேச ஆரம்பித்ததும் அவர் குரல் அவருக்கே திரும்புகிறது. "யாருப்பா அது, மைக்கை ஆஃப் பண்ணுங்க" என்கிறார், அதுவும் திரும்பி வருகிறது. ஒவ்வொரு மாவட்டமாக மியூட் செய்துகொண்டே வந்தோம், இருபதைத் தாண்டிய பிறகு ஓர் இடத்தில் கத்தரித்த மாதிரி நின்றது. போன் போட்டுக் கேட்டால், கூட்டம் நிறைய வருகிறது, பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று கல்யாணத்துக்கு வரும் மைக்செட்காரரை வரவழைத்து இரண்டு பாக்ஸ் வைத்திருக்கிறார்கள். அந்தத் தம்பி பாவம், வால்யூம் குறைவாக இருக்கிறதோ என்று இன்னும் கொஞ்சம் ஏற்றியும் விட்டிருக்கிறார்.

சரி, அரசு ஏன் இலவச ஆப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது? இங்கே கதை வேறு. பழைய அமைப்பில் நடுவில் ஒரு பெட்டி இருக்கும், எம்.சி.யு. என்பார்கள். எல்லா ஊர்ப் படத்தையும் குரலையும் வாங்கி, பிரித்து, ஒன்றாகக் கலந்து, எல்லோருக்கும் ஒரே உருண்டையாகக் கொடுக்கும். வழியில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி படத்தையும் குரலையும் சங்கேதமாக மாற்றி அனுப்புவதைத்தான் பூட்டு என்கிறேன், கலக்க வேண்டுமென்றால் அந்தப் பூட்டைத் திறந்துதான் ஆக வேண்டும், அதாவது அந்தப் பெட்டி யாருடையதோ அவர் கேட்க நினைத்தால் கேட்கலாம். இன்றைய ஆப்களில் பெரும்பாலும் கலக்காமல் வந்ததை வந்தபடி மற்றவர்களுக்குத் தள்ளிவிடும் முறைதான், பெட்டி மலிவு, வேகமும் அதிகம், ஆனால் சாவி யாரிடம் என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது. அதனால்தான் நம் அரசுகள் 1976-ல் தொடங்கிய தேசியத் தகவலியல் மையத்தின் வலைப்பின்னலையும் மாநிலங்களின் சொந்த வலைப்பின்னலையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2015 மார்ச்சில் ஆரம்பித்த பிரகதி கூட்டம், பிரதமர் ஒரு பக்கமும் மாநிலத் தலைமைச் செயலாளர்கள் மறுபக்கமும் உட்கார்ந்து கிடப்பில் கிடக்கும் திட்டங்களைப் பார்ப்பது, அதை வெளியார் பெட்டியில் ஓடவிட முடியுமா?

2020-ல் இது எல்லோருக்கும் புரிந்தது. 2019 டிசம்பரில் நாளுக்கு ஒரு கோடியாக இருந்த ஜூம் மீட்டிங் பங்கேற்பு ஏப்ரலில் முப்பது கோடி ஆனது. அதே ஏப்ரலில் கனடாவின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்கூடம், பங்கேற்பவர்கள் யாரும் சீனாவில் இல்லாதபோதும் சில மீட்டிங்குகளின் சாவி சீனாவில் இருந்த சர்வரிலிருந்து வந்ததைக் கண்டு சொன்னது. முனைக்கு முனை பூட்டு, அதாவது பேசுகிறவர்களைத் தவிர நடுவில் யாரும் திறக்க முடியாது என்று ஜூம் விளம்பரம் செய்தது உண்மையில் அப்படி இல்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அன்றைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் தன் அமைச்சரவைக் கூட்டத்துப் படத்தை ட்விட்டரில் போட்டார், மீட்டிங் எண் மேலே பளிச்சென்று தெரிந்தது. ஏப்ரல் 16 அன்று நம் உள்துறை அமைச்சகம், அரசு ஊழியர்கள் அலுவல் வேலைக்கு ஜூமைப் பயன்படுத்தக் கூடாது என்றது. கூடவே உள்நாட்டில் ஒன்று செய்யுங்கள் என்று போட்டியும் வைத்தார்கள், ஜெயித்தது ஆலப்புழை மாவட்டத்து டெக்ஜென்ஷியா, பரிசு ஒரு கோடி. ஜூமும் சும்மா இருக்கவில்லை, அந்த வருடமே பூட்டை மாற்றியது, அக்டோபரில் நிஜமான முனைக்கு முனை பூட்டையும் கொடுத்தது. அதை அமுக்கினால்தான் வரும், தானாக வராது.

நீதிமன்றத்தையும் சொல்ல வேண்டும், எனக்கு மனசு உறுத்துகிற இடம் அது. வெளிநாட்டில் இருக்கும் சாட்சியை வீடியோவில் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது, டாக்டர் பிரபுல் தேசாய் வழக்கில். சிறையில் இருப்பவரின் காவலை நீட்டிக்க நேரில் கொண்டுவராமல் வீடியோவில் காட்டினால் போதும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு 2009-ல் வந்த திருத்தம் இடம் கொடுத்தது, அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. முதல் தடவையும், போலீஸ் காவலில் இருக்கும்வரை ஒவ்வொரு தடவையும் நேரில்தான். போலீஸ் வண்டி, எஸ்கார்ட், டீசல் எல்லாம் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆள் "ஐயா, மருந்து தர மாட்டேங்கிறாங்க" என்று சொல்லும்போது அந்த ஒரு வரி மட்டும் விழாமல் போனால்? மாஜிஸ்திரேட் "என்ன?" என்று கேட்பார், பக்கத்தில் நிற்பவர் "ஒன்றுமில்லை ஐயா" என்பார், அடுத்த வழக்கு. வேறெங்கே மலிவு மைக் வைத்தாலும் வையுங்கள், சிறைச்சாலை அறையில் மட்டும் வைக்கக் கூடாது என்பேன். இதற்கு டெண்டரில் டிவியின் அங்குலம் எழுதுகிற மாதிரி மைக்குக்கும் ஒரு வரி எழுத வேண்டும்.

நண்பரின் பன்னிரண்டு லட்சத்துக்கு வருகிறேன். நாலு இடத்துக்கு ஹார்டுவேர் கோடெக், அதாவது வீடியோ கான்பரன்ஸுக்கென்றே செய்த தனிப் பெட்டி, எதற்கு? பத்துப் பேர் உட்காரும் அறைக்கு ஒரு சாதாரண கம்ப்யூட்டர், யூ.எஸ்.பி. கேமரா, நல்ல யூ.எஸ்.பி. மைக்-ஸ்பீக்கர் போதும். கோடெக்கே வேண்டுமென்றால், அது பெரும்பாலும் 1996-ன் எச்.323, எஸ்.ஐ.பி. என்ற இணைப்பு முறைகளில் பேசும், உங்கள் வாடிக்கையாளர் மைக்ரோசாஃப்ட் டீம்ஸிலிருந்து கூப்பிட்டால் இரண்டையும் இணைக்க நடுவில் இன்னொரு கேட்வே லைசன்ஸ் கேட்கும், அதைக் கொட்டேஷனில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள். இலவசக் கணக்கும் வேண்டாம், ஜூமில் நாற்பது நிமிடம், மீட்டில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு மணி நேரம், முக்கியமான பேச்சு நடக்கும்போதுதான் சரியாக அறுந்துபோகும். காசு கட்டுகிற கணக்கு வாங்குங்கள். பேச்சு வெளியே போகவே கூடாது என்கிற தொழில் என்றால் ஜிட்சி மாதிரி திறந்த மென்பொருளை உங்கள் சொந்த சர்வரில் போடலாம், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் சம்பளத்துக்கு வேண்டும்.

லைன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிராட்பேண்ட் விளம்பரத்தில் போடும் வேகம் பெரும்பாலும் இறங்குகிற (டவுன்லோட்) வேகம், நமக்கு ஏறுகிற (அப்லோட்) வேகம்தான் முக்கியம். அதைவிட முக்கியம் வேகம் கூடிக் குறையாமல் சீராக இருப்பது. தெளிவான குரலுக்கு 64 கிலோபிட் தாராளம், ஆனால் அந்த 64-ம் விட்டு விட்டு வந்தால் பிரயோஜனமில்லை. தலைமை அலுவலகத்துக்கு ஒரு லீஸ்டு லைன் (உங்களுக்கென்றே தனியாக ஒதுக்கும் லைன்), வேறு கம்பெனியின் சாதா லைன் ஒன்று துணைக்கு, ரவுட்டரில் மீட்டிங்குக்கு முன்னுரிமை. கேபிள் இழுத்து மாட்டுங்கள், வைஃபை வேண்டாம்.

டெமோ காட்ட வருகிறவர் தன் ஷோரூமுக்குத்தான் கூப்பிடுவார். போகாதீர்கள், கருவியை உங்கள் ஹாலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏ.சி.யும் மின்விசிறியும் ஓடட்டும், கதவு திறந்தே கிடக்கட்டும். மேஜையின் கடைக்கோடி நாற்காலியில் உங்கள் ஆபீஸிலேயே மெதுவாகப் பேசுகிற ஒருவரை உட்காரவைத்து ஒரு தாளில் ஐம்பது, எண்பது, எண்பது, ஐம்பது, எண்பது என்று தாறுமாறாக எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கிளையில் இருப்பவர் கேட்டதை எழுதிக்கொண்டு அனுப்பட்டும். இரண்டு தாளும் ஒத்துப்போன பிறகு டிவி எத்தனை இன்ச் என்று பேசிக்கொள்ளலாம்.