முதல் பாட்டுதானே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஒரு இசைக்குழு வைத்திருக்கிறோம். முதல் தனிப்பாடலைச் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் சொந்தச் செலவில் பதிவு செய்தோம். வெளியிட்டுத் தருகிறேன் என்று ஒருவர் மொத்தமாக 25,000 ரூபாய் தந்து, சகல உரிமைகளையும் எழுதிக் கேட்கிறார். பின்னாளில் பெயர் வந்தால் இந்தப் பாட்டில் எங்களுக்கு ஏதாவது மிஞ்சுமா?
– வாசகர், வேளச்சேரி

மிஞ்சும். வரிகள் எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டி உரிமையை, அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பங்கை, அவர்களே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. வாரிசுகளுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தரலாம், வேறு யாருக்கும் முடியாது. பாட்டின் உரிமையை வாங்கியவர் அந்த வருமானத்தை அவர்களோடு சரிபாதியாகப் பகிர வேண்டும். ஆக, 'ஒன் டைம் செட்டில்மென்ட், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்ற வரி அந்த இருவரைக் கட்டுப்படுத்தாது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் இந்த வரியை அச்சடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேட்பாரில்லை என்ற தைரியம்.

ஆனால் ஒலிப்பதிவு வேறு சொத்து. அது தயாரிப்பாளருடையது. முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்தவரே தயாரிப்பாளர். இப்போதைக்கு அது நீங்கள்தான். அவர் 25,000-க்குக் குறிவைப்பது இதைத்தான்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'ஸ்டூடியோ செலவையும் நானே தந்துவிடுகிறேன், பில்லை என் பேரில் மாற்றிக்கொள்ளலாம்' என்பார். தாராள மனசு போலத் தெரியும். பில் அவர் பேருக்கு மாறினால், பதிவுக்கு ஏற்பாடு செய்தவரே தான்தான் என்று நாளைக்கு அவர் வாதாட அது ஆதாரமாகிவிடும். அப்புறம் உங்களிடமிருந்து எழுதி வாங்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. ஆகவே பில், ஜிபே ரசீது, ஸ்டூடியோவுக்கு அனுப்பிய வாட்ஸப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மிக்ஸ் செய்யாத டிராக்குகள் இருக்கும் ஹார்ட் டிஸ்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். தரகர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று எழுதுகிறார்கள், அல்லது இடத்தைக் காலியாக விட்டு 'அப்புறம் நிரப்பிக்கலாம் தம்பி' என்கிறார்கள். காலி இடம் உள்ள தாளில் கையெழுத்தே கூடாது. ஸ்டாம்ப் பேப்பர் என்பதால் எழுதியதெல்லாம் சட்டமாகிவிடாது.

பெயர் வந்த பிறகு பழைய பாட்டு என்ன ஆகும் என்பதற்குப் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் கதையே போதும். 1961-ல் ஹாம்பர்க்கில் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணியாக 'மை பானி' என்ற பாட்டை வாசித்தார்கள். ஜெர்மனியில் வெளியான இசைத்தட்டில் அவர்கள் பெயர்கூட இல்லை. 'பீட் பிரதர்ஸ்' என்றிருந்தது. 1964-ல் அமெரிக்காவே அவர்கள் பின்னால் ஓடியபோது, அதே பதிவு பீட்டில்ஸ் பெயரைப் போட்டு அங்கே மறுபடி விற்பனைக்கு வந்தது. பதிவு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எப்போது, எந்தப் பெயரில் விற்பது என்று முடிவு செய்கிறார்.

இன்னொரு பொறி யூடியூப். 'அப்லோடு எல்லாம் நான் பார்த்துக்கிறேன்' என்பவர் தன் கணக்கில் ஏற்றி, ஒரே பாட்டை வேறு வீடியோக்களில் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' ஏற்பாட்டிலும் உரிமையாளராகத் தன் பெயரைப் பதிந்துவிடுவார். ஆறு மாதம் கழித்து நீங்கள் ஒரு கல்லூரி விழா வீடியோவில் பின்னணியாக அதே பதிவைப் போடுங்கள், உங்கள் பாட்டுக்கு உங்களுக்கே காப்பிரைட் க்ளெய்ம் வரும். விளம்பரக் காசு அவருக்குப் போகும். 'ஒரு லட்சம் வியூஸ் கேரண்டி' என்பவரையும் நம்பாதீர்கள். போலிப் பார்வை என்று தெரிந்தால் தளமே அதைக் கழித்துவிடும்.

பதிப்புரிமையை அரசிடம் பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறு. படைத்த கணத்திலேயே அது உங்களுடையது. சான்றுக்காகப் பதியலாம், வரிகளுக்கும் இசைக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. ஆட்சேபணைக்கென்று 30 நாள் கட்டாயக் காத்திருப்பு, அதன் பிறகும் டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் பதிலுக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்கென்று போனால் வக்கீல் செலவு பாட்டின் மொத்த வருமானத்தைத் தாண்டிவிடும். ஏமாற்றுபவர்களுக்குப் பலமே இதுதான். அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே உஷாராக இருக்கச் சொல்கிறேன்.

சரி, அவரிடம் என்ன சொல்வது? உரிமையை விற்க மாட்டோம், இரண்டு ஆண்டுக்கு லைசென்ஸ் தருகிறோம், எந்தெந்தத் தளம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள். மறுத்தால் 25,000-ஐ விட்டுவிடுங்கள். ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் ஏற்றித் தரும் விநியோகத் தளங்களில் நீங்களே சேரலாம். எழுதியவரும் மெட்டமைத்தவரும், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராக விண்ணப்பியுங்கள். அதற்கும் முன்னால் நால்வரும் உட்கார்ந்து, வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதித் தேதியோடு கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.