பிரிட்டனில் இப்போது இல்லாத பழைய நாடாளுமன்றத் தொகுதிகளில், தேர்தல் வரலாற்றுக்காகவே படிக்க வேண்டிய தொகுதி எது?

என்னைக் கேட்டால் ஸ்மெத்விக். பர்மிங்காமுக்கு மேற்கே, அதை ஒட்டியே இருக்கும் தொழிற்சாலை ஊர். ஜேம்ஸ் வாட், மேத்யூ போல்டன் கூட்டாளிகளின் நீராவி எந்திர வார்ப்பாலை இங்கேதான் இருந்தது. லண்டனின் கண்ணாடிக் கண்காட்சி மாளிகையான கிரிஸ்டல் பேலஸுக்குக் கண்ணாடி போனதும் இங்கிருந்துதான். தொகுதி 1918-ல் உருவானது, 1974-ல் கலைக்கப்பட்டது.

முதல் தேர்தலே பெரிய தேர்தல். பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடலாம் என்று சட்டம் வந்த சில வாரங்களில், 1918 டிசம்பரில், பெண் வாக்குரிமைப் போராளி கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் இங்கே நின்றார். பிரதமர் லாயிட் ஜார்ஜ் கூட்டணியின் ஆதரவும் இருந்தது. லேபர் கட்சியின் ஜான் டேவிசனிடம் 775 வாக்கில் தோற்றார். இன்னும் 388 பேர் மனசு மாறியிருந்தால் வரலாறே வேறு.

டேவிசனுக்குப் பிறகு 1926 இடைத்தேர்தலில் லேபர் சார்பில் ஜெயித்தவர் ஆஸ்வால்ட் மோஸ்லி. ஆமாம், பின்னால் பிரிட்டிஷ் பாசிஸ்ட் கட்சியைத் தொடங்கிய அதே மோஸ்லிதான். அப்புறம் 1931 முதல் 1945 வரை கன்சர்வேட்டிவ் கட்சியின் கையில் இருந்தது. 1945-ல் மறுபடி லேபர் ஜெயித்தது. ஆனால் ஜெயித்த ஆல்ஃப்ரெட் டாப்ஸ், முடிவு வந்த மறுநாளே கார் விபத்தில் இறந்துபோனார். அதனால் வந்த இடைத்தேர்தலில் நுழைந்தவர்தான் பேட்ரிக் கார்டன் வாக்கர். அடுத்த பத்தொன்பது வருடம் அவர்தான் எம்.பி.

இனி 1964. இந்தத் தொகுதியின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அந்தத் தேர்தலால்தான்.

1950-களிலிருந்தே வார்ப்பாலை வேலைக்குப் பஞ்சாபிகளும் கரீபியத் தீவுக்காரர்களும் இந்த ஊருக்கு வந்து குடியேறினார்கள். இடுப்பை ஒடிக்கும் வேலை, வீட்டுத் தட்டுப்பாடு வேறு. காமன்வெல்த் நாடுகளிலிருந்து வருவோரைக் கட்டுப்படுத்தும் 1962 சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்ற லேபர் முன்னணியினரில் கார்டன் வாக்கரும் ஒருவர். அவரை எதிர்த்துக் கன்சர்வேட்டிவ் சார்பில் நின்றவர் உள்ளூர்க்காரரான பீட்டர் கிரிஃபித்ஸ். பிரசாரத்தின்போது, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லைப் போட்டு, அப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டுக்கு வர வேண்டுமானால் லேபருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு வாசகம் ஊரில் பரவியது. அதைக் கண்டிக்கச் சொன்னபோது கிரிஃபித்ஸ் மறுத்துவிட்டார். அதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

நாடு முழுக்க லேபருக்குச் சாதகமாகக் காற்று வீசிய தேர்தலில், இங்கே கிரிஃபித்ஸ் 1,774 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வெறுப்புப் பேச்சு ஓட்டை அள்ளிக்கொடுத்தது என்றுதான் இதைப் பொதுவாகச் சொல்வார்கள். முடிவுகளை 1959-ஓடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் இதே இருவர்தான் மோதினார்கள். கிரிஃபித்ஸ் தோற்ற 1959-ல் அவருக்கு 17,126 வாக்கு. ஜெயித்த 1964-ல் 16,690. அதாவது 436 குறைவு! கார்டன் வாக்கரோ 20,670-லிருந்து 14,916-க்கு விழுந்தார். 5,754 வாக்கு போய்விட்டது. 1959-ல் களத்தில் இல்லாத லிபரல் கட்சிக்கு இந்த முறை 3,172 கிடைத்தது.

யார் யாருக்கு மாற்றிப் போட்டார்கள் என்று இந்த எண்கள் சொல்லாது. லேபரிலிருந்து நேராகக் கிரிஃபித்ஸ் பக்கம் போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கூட்டிக்கழித்துப் பார்த்தால் வெறுப்புப் பிரசாரம் தன் பெட்டியை நிரப்பவில்லை, எதிராளியின் பெட்டியைக் காலி செய்திருக்கிறது. பழைய லேபர் வாக்காளர்களில் ஒரு பகுதி வேறு கட்சிக்குப் போனது அல்லது வீட்டிலேயே இருந்துவிட்டது. ஒரு வேட்பாளர் தன் வாக்கைக் கூட்டாமலே தொகுதியைப் பிடிக்க முடியும் என்பதுதான் இந்த முடிவில் என்னை மிகவும் உறுத்துவது.

நாட்டளவில் ஜெயித்தது லேபர்தான். தோற்ற கார்டன் வாக்கரை அந்தக் கட்சியின் பிரதமர் வில்சன் அப்படியும் வெளியுறவு அமைச்சராக்கினார். எம்.பி. ஆகவேண்டுமே என்று 1965 ஜனவரியில் லண்டனில் உள்ள லேட்டன் தொகுதி இடைத்தேர்தலில் நிறுத்தினார்கள். அங்கேயும் 205 வாக்கில் தோல்வி, பதவி போனது.

ஊரிலோ மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகர சபையே வாங்கி, வெள்ளையர்களுக்கு மட்டும் வாடகைக்கு விடும் திட்டம் கிளம்பியது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் நடந்து பார்த்தார். சங்கத்தின் அவ்தார் சிங் ஜௌஹல் அவரை ஊர் மதுக்கடைக்கும் அழைத்துப்போனார். வெள்ளையர்களுக்கென்று வைத்திருந்த அறையில் பரிமாற மறுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டுத் திட்டத்துக்கான கடனுக்கு வீட்டுவசதி அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் ஒப்புதல் தரவில்லை, திட்டம் படுத்துவிட்டது. மதுக்கடை, உணவகம் போன்ற பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அந்த வருடமே வந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் அது 1968-ல்தான் நீண்டது.

1966-ல் லேபர் நிறுத்தியது ஆண்ட்ரூ ஃபால்ட்ஸ் என்ற நடிகரை. இனவெறியை மேடைக்கு மேடை நேராகத் தாக்கிப் பேசும் ஆள். 18,440 வாக்கு வாங்கி, கிரிஃபித்ஸை 3,490 வாக்கில் வீழ்த்தினார். தொகுதி கலைக்கப்படும்வரை அவரே எம்.பி. கிரிஃபித்ஸ் 1979-ல் போர்ட்ஸ்மத் நார்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் திரும்பி, 1997 வரை இருந்தார்.

தொகுதிகளை மாற்றி வரைந்தபோது 2024-ல் ஸ்மெத்விக் என்ற பெயரில் மறுபடி ஒரு தொகுதி வந்திருக்கிறது. லேபர் கட்சியின் குரிந்தர் சிங் ஜோசன் ஜெயித்தார். எல்லைகள் வேறு என்பதால் இதன் வாக்குகளைப் பழைய தொகுதியின் எண்களோடு ஒப்பிடாதீர்கள். 1959, 1964, 1966 மூன்றையும் மட்டும் வரிசையாக வைத்துப் படித்தால் போதும்.