தீராத வலியும் நீளும் பராமரிப்பும்: வாசகர் கேள்வி பதில்

நாள்பட்ட வலியைப் பற்றியும், நோயாளியை ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்ப்பதைப் பற்றியும் சேலம் மாவட்டத்து வாசகர்கள் எழுதியவற்றுள் நான்கு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

என் கணவருக்கு 52 வயது. முப்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறார். மூன்று ஆண்டுகளாக ஓயாத இடுப்பு வலி. ஸ்கேன் பார்த்த மருத்துவர், "வயதுக்கேற்ற தேய்மானம்தான், அறுவை சிகிச்சை தேவையில்லை" என்று சொல்லிவிட்டார். வீட்டில் உள்ளவர்களோ வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்கிறார்கள். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லையென்றால் இவ்வளவு வலி எப்படி இருக்க முடியும்? மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையில்தான் நாள் ஓடுகிறது.
வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

உங்கள் கணவரின் வலி உண்மையான வலி. அதை வீட்டிலுள்ள அனைவரும் கேட்கும்படி நீங்கள் ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே முதல் வரியில் எழுதுகிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். ஆனால் தலைவலியும் காய்ச்சலும் நான்கு நாளில் போய்விடும். மூன்று ஆண்டுகள் நீடிக்கும் வலியோடு, "நடிக்கிறாய்" என்ற சொல்லையும் சேர்த்துச் சுமப்பவரின் நிலை வேறு.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறோம். காயம் பட்ட இடத்தில் பிறக்கும் செய்தி நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகிறது. இது நெடுங்காலம் ஓயாமல் நடந்தால், அந்தச் செய்தியைக் கடத்தும் நரம்பு மண்டலமே கூருணர்ச்சி அடைந்து, சிறிய அசைவைக்கூடப் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதைப் போல, திசு ஆறிய பின்னும் வலி ஓயாமல் நீடிக்கிறது. ஸ்கேன் முதுகெலும்பையும் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டையும் காட்டும். இந்தக் கூருணர்ச்சியைக் காட்டாது. மறுபுறம், வலியே இல்லாத நடுத்தர வயதினர் பலருக்கு ஸ்கேன் எடுத்தாலும் தேய்மானம் தெரியத்தான் செய்யும். எனவே ஸ்கேன் காகிதத்தை வைத்து ஒருவருடைய வலியை அளக்க முடியாது.

அவருடைய தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கால்கள் குழிக்குள் இறங்கி மிதியை மாறி மாறி மிதிக்க, ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்க, உடல் நாள் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்தே இருக்கிறது. முகூர்த்த மாதங்களில், வலி சற்றுக் குறைந்த நாளாகப் பார்த்து இரவு வரை நெய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் பாயை விட்டு எழ முடியாமல் கிடக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாள்பட்ட வலிக்காரர்களிடம் நான் மிக அதிகமாகக் காணும் பழக்கம் இது. வலி வந்த பிறகு எழுவதை விட்டு, கடிகாரத்தைப் பார்த்து எழ வேண்டும். நாற்பது நிமிடத்தில் வலி ஏறுகிறது என்றால் இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே தறியை நிறுத்தி, குழியிலிருந்து வெளியேறி, வாசல் வரை ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வரட்டும். நல்ல நாளிலும் அதே கணக்குதான். மோசமான நாளிலும் முற்றிலும் படுத்துவிடாமல் கொஞ்சமாவது நடக்க வேண்டும். வேட்டிக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் காசு என்பதை அறிந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் வாரக் கணக்கில் பார்த்தால், படுத்துக் கிடக்கும் மூன்று நாளின் இழப்பு இதைவிடப் பெரிது.

மாத்திரை விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை இருக்கிறது. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் தின்றால் இரைப்பையில் புண் வரலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் பழுதடையலாம். பாரசிட்டமால் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்றாலும், பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல், எந்த நிலையிலும் எடுக்கக் கூடாது. கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கு அந்த அளவும் அதிகம். வேறு பெயரில் விற்கும் கூட்டு மாத்திரைகளிலும் அது கலந்திருப்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். பெயரில்லாமல் பொட்டலம் கட்டித் தரும் மாத்திரை என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் அதன் அடையாளங்கள். அதைப் பல மாதங்கள் தின்றிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மீதமிருக்கும் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

நரம்பு சார்ந்த வலிக்கு அமிட்ரிப்டிலின் என்னும் மாத்திரையைச் சிறு அளவில் இரவில் தருவதுண்டு. அது மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து என்று தெரிந்தவுடன், "எனக்கென்ன பைத்தியமா?" என்று வீசி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிச் செய்தியை அடக்கவும் அதே மருந்து உதவுகிறது என்பதால்தான் தருகிறார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வலியுடன் காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

புற்றுநோய் முற்றிய என் தந்தைக்கு மார்பின் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். உறவினர்கள், "போதை மருந்து, அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார்" என்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகர், ஆத்தூர்

கொடுங்கள். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில் சரியான அளவில் தரும் மார்பின் உயிரைக் குறைப்பதில்லை. வலி அடங்கியவர் தூங்குவார், இரண்டு வாய் சாப்பிடுவார், பேசுவார். வலி வந்த பிறகு தேடிக் கொடுக்காமல், எழுதித் தந்த இடைவெளியில் கடிகாரப்படி கொடுக்க வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரைக்கு அது பெரும்பாலும் நான்கு மணி நேரம். மலச்சிக்கல் ஏறக்குறைய உறுதி என்பதால், பேதி மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் திருத்தம் வந்ததே, இத்தகைய வலியில் துடிப்பவர்களுக்கு இம்மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். முந்தைய கடிதத்தில் உள்ளது போன்ற இடுப்பு வலிக்கு இது பொருத்தமான மருந்து ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

என் மாமியாருக்கு 67 வயது. கை கால் மூட்டெல்லாம் வீங்கும் நோய். வாரம் ஒரு மாத்திரை என்று சேலத்தில் கொடுத்திருக்கிறார்கள். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரம் விரலை மடக்க முடியாது. மார்கழிக் குளிரில் இன்னும் மோசம். காபி எடுக்கும் மாதங்களில் அவரை அழைத்துக்கொண்டு மலை இறங்கினால் எனக்கு ஒரு நாள் கூலி போகிறது. கொழுந்தனார் திருப்பூரில் இருக்கிறார். பணம் மட்டும் எப்போதாவது அனுப்புவார். சில நாள் மாமியார் மீது கோபமாக வருகிறது, பிறகு அழுகிறேன்.
வாசகி, ஏற்காடு அருகே ஒரு சிற்றூர்

சகோதரி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வீங்கிய மூட்டுகளோடு பேருந்தில் இறங்குவது உங்கள் மாமியாருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவரைத் தாங்கிப் பிடித்து நிற்கும் உங்களையும் நினைத்தேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் முடக்கு வாதத்துக்கு, நம் வழக்கில் சரவாங்கிக்கு, உரியவை. குளிர் இந்த நோயை உண்டாக்குவதில்லை, விறைப்பைக் கூட்டிக் காட்டும். என் தாயாருக்கும் இதே நோய் இருந்தது. காலையில் காபி டம்ளரை விரல்களால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்து எடுப்பார். கைக்கு இதமாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்கிறார் என்றே பல மாதங்கள் எண்ணியிருந்தேன். விரல் மடங்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. உங்கள் மாமியாரின் விரல்களை நீங்கள் மணிக்கணக்கோடு கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அவர் மீது உங்களுக்குள்ள அக்கறைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எழுந்தவுடன் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கைகளைப் பத்து நிமிடம் வைத்து, அந்தச் சூட்டிலேயே விரல்களை மெல்ல மடக்கி நீட்டச் செய்யுங்கள்.

வாரம் ஒரு மாத்திரை என்பது மீத்தோட்ரெக்சேட் என்றால் மிகுந்த கவனம் தேவை. அது வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டிய மருந்து. வலி அதிகமாயிருக்கிறதே என்று நாள்தோறும் தின்றவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து நேர்ந்ததுண்டு. நாள்காட்டியில் ஒரு கிழமையை, ஞாயிறு என்றால் ஞாயிறுகளை மட்டும், சிவப்பில் வட்டமிட்டு, அன்று நீங்களே எடுத்துக் கொடுங்கள். மற்ற நாள்களில் அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே இரத்தம் எடுக்க முடியுமா, ஒரே நடையில் இரண்டு மாத மருந்து தருவார்களா என்று இரு இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கொழுந்தனாரிடம், "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "இந்தத் தேதியில் அம்மாவை நீங்கள் சேலத்துக்கு அழைத்துப் போக வேண்டும்" என்று உங்கள் கணவரைக் கொண்டு நாள் குறித்துச் சொல்லச் செய்யுங்கள். வர முடியாத மாதத்தில் உங்கள் ஒரு நாள் கூலியை அவர் தரட்டும். உங்களுக்கு வரும் கோபத்தைப் பாவமாக எண்ணி அழாதீர்கள். மாற்று ஆள் இல்லாமல் ஒருவரே பார்த்துக்கொள்ளும் எந்த வீட்டிலும் வரும் களைப்பு அது. ஆனால் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால், மாமியாரைக் காட்டும் அதே இடத்தில் உங்களையும் காட்டுங்கள்.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியன், 72 வயது. மனைவிக்கு 68. எங்கள் ஒரே மகளுக்கு 36 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால் தசைகள் இறுகி இழுக்கும் வலி இரவில் அதிகம். மெதுவாகப் பேசுவாள், எங்களுக்குப் புரியும், பிறருக்குப் புரியாது. பத்திரிகை முழுவதையும் படிப்பாள். எங்களுக்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொள்வதாக என் தம்பி மகன் சொல்கிறான். அதற்கு வீட்டை இப்போதே எழுதிக் கேட்கிறான்.
வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

ஐயா, வாய்ச்சொல்லை நம்பி வீட்டை இப்போது எழுதிக் கொடுக்க வேண்டாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனையிட்டுச் சொத்தைப் பெற்றவர் அதைச் செய்யத் தவறினால் பத்திரத்தை ரத்துசெய்ய வழி தருகிறது. ஆனால் அது மூத்த குடிமக்களாகிய உங்களுக்கான பாதுகாப்பு. உங்கள் காலத்துக்குப் பிறகு மகளுக்கு அது கைகொடுக்கும் என்று இருந்துவிட முடியாது. உயில் எழுதுவதா, மகளின் பெயரில் அறக்கட்டளை அமைத்து ஒருவருக்கு இருவரைப் பொறுப்பாளர்களாக்குவதா என்று வழக்கறிஞருடன் பேசி முடிவெடுங்கள். தம்பி மகன் நல்லவராகவே இருக்கலாம். நல்லவருக்கும் எழுத்தில் இருப்பது நல்லதுதான்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது உங்கள் ஓய்வூதியம் பற்றியது. சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகளுக்கு, பெற்றோர் இருவர் காலத்துக்குப் பின்னும் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழியிருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுடன் அவருடைய பெயரை உங்கள் ஓய்வூதிய ஆவணத்தில் நீங்கள் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். கருவூலத்தில் கேட்டால் படிவம் சொல்வார்கள். பிறகு அவர் தனியாக அலைந்து நிரூபிக்க நேர்ந்தால் எத்தனை கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் உங்கள் மகள் பத்திரிகை முழுவதையும் படிப்பவர். தம் முடிவைத் தாமே எடுக்கக்கூடியவருக்குப் பாதுகாவலர் தேவையா என்பதை அவரை வைத்துக்கொண்டே பேச வேண்டும். மூன்று பக்கக் கடிதத்தில் நீங்கள், உங்கள் மனைவி, தம்பி மகன் ஆகிய மூவரின் விருப்பமும் இருக்கிறது. யாருடன் இருக்க விரும்புகிறார் என்று மகளைக் கேட்டதாக ஒரு வரி இல்லை.

இரவு வலிக்குத் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோபென் போன்ற மருந்துகள் உண்டு. படுக்கும் முன் கால்களை மெதுவாக நீட்டிவிடும் பயிற்சியும் உதவும். இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு குறிப்பேடு போடுங்கள். எந்தப் பக்கம் படுத்தால் கால் இழுக்காது, முட்டிக்குக் கீழே எத்தனை தலையணை, சோறு எந்தப் பதத்தில் குழைந்திருக்க வேண்டும், எந்த ஒலி வலிக்கு, எந்த ஒலி தாகத்துக்கு என்பதெல்லாம் இன்று உங்கள் மனைவியின் மனத்தில் மட்டுமே இருக்கிறது. நீங்கள் இருவரும் நலமாக இருக்கும்போதே, மாதத்தில் இரண்டு நாள் வேறொருவர் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து உங்கள் மகளைக் கவனித்துக்கொள்ளட்டும். எது விடுபட்டது என்று அப்போது தெரியும். முதல் பக்கத்தை உங்கள் மகள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எவ்வளவு நேரமானாலும் நடுவில் நிரப்பாமல், அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து எழுதுங்கள். யாருடன் இருக்க விரும்புகிறார் என்ற கேள்விக்கு அவர் தரும் பதிலை, அவர் சம்மதித்தால், எனக்கும் அனுப்புங்கள்.