3 வயதுக்கும் 6 வயதுக்கும் தமிழில் நல்ல படக்கதைப் புத்தகங்கள் எவை? இரவில் என்ன வாசித்துக் காட்டலாம்?

கேட்டவர் கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கிறாராம். பாப்பாவுக்கு 3 வயது, பையனுக்கு 6. கடையில் கேட்டால் ஏ பி சி டி அட்டைப் புத்தகமும், கடைசியில் கட்டம் கட்டி நீதி போட்ட முயல் ஆமைக் கதையும்தான் எடுத்துத் தருகிறார்கள், தமிழில் வேறு எதுவும் இல்லையா என்கிறார். தூங்கப் போகும்முன் பையன் செல்போன் கேட்டு அழுகிறான் என்றும் எழுதியிருக்கிறார்.

இருக்குதுங்க. நிறையவே இருக்கிறது, நம்ம ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்வதுதான் குறைவு. நான் பெருந்துறைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறவள். அங்கே எது எடுபட்டது, எது படுத்துவிட்டது என்று பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில், புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி. பிள்ளைக்குப் பிடிக்குமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு அதை வாய்விட்டுப் படிக்கப் பிடிக்கிறதா என்று பாருங்கள். 3 வயதுப் பிள்ளை ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டால் தினமும் அதையேதான் கேட்கும். அவசரத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டினால் கையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். நாலாம் நாளே உங்களுக்குச் சலித்துப்போனால் உங்கள் குரலிலேயே அது தெரிந்துவிடும், அதோடு பிள்ளையும் செல்போனைக் கேட்க ஆரம்பித்துவிடும். அதனால் கடையிலேயே நின்று இரண்டு பக்கம் வாசித்துப் பாருங்கள், கூச்சமாக இருந்தால் முணுமுணுத்தாவது. நாக்கு தடுக்கினால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பாடப்புத்தக நடையில் “அவள் மிகவும் மகிழ்ச்சி அடைந்தாள்” என்று போகிற புத்தகங்கள் தமிழில் ஏராளம். நம் வீட்டில் யாரும் மகிழ்ச்சி அடைந்து பாப்பா பார்த்திருக்காது.

3 வயதுக்கு ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த கஜபதி குலபதியை வாங்குங்கள். சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் புத்தகம். ஒரு பெரிய யானைக்குச் சளி பிடித்துத் தும்மல் வருகிறது, கதை அவ்வளவுதான். ஆனால் அந்தத் தும்மலை நீங்கள் எப்படித் தும்முகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் நூலகத்தில் நான் மூச்சை இழுக்கும்போதே முன்வரிசை கையால் தரையைப் பிடித்துக்கொள்ளும். தும்மி முடித்ததும் அத்தனை பேரும் மல்லாந்து விழுவார்கள். எழுந்து உட்கார்ந்து, “இன்னொருக்கா தும்முங்க மிஸ்.” நூலகர் அந்தப் பக்கம் நாளிதழ் படிக்கிற பெரியவர்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிப்பார். இந்த யானைக்கு இன்னும் சில புத்தகங்களும் உண்டு. முதலில் தும்மலில் ஆரம்பியுங்கள்.

தூலிகா 1996-இல் தொடங்கியது. தமிழ், ஆங்கிலம், இந்தி என்று 9 மொழிகளில் போடுகிறார்கள். சில புத்தகங்களில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். அம்மா தமிழில் படிக்க, அப்பா ஆங்கிலம்தான் வேண்டும் என்று நிற்கிற வீடுகளில் இது சண்டையைக் குறைக்கும்.

அடுத்தது பிரதம் புக்ஸ். 2004-இல் பெங்களூரில் ஆரம்பித்தவர்கள், விலை மலிவு. ரோகிணி நிலேகணி எழுதிய சிருங்கேரி சீனிவாசன் கதைகள் இவர்களுடையவைதான். ஒரு கதையில் சீனிவாசன் வருஷத்துக்கு ஒருமுறை முடி வெட்டிக்கொள்ளக் கிளம்புவான். முடிவெட்டுபவருக்கு நேரமில்லை, வீட்டுக்காரிக்கு வேலை, தையல்காரரும் மாட்டேன் என்கிறார். கடைசியில் காட்டில் ஒரு புலியிடம் போய் மாட்டுகிறான். அப்புறம் என்ன ஆனது என்பதை நான் சொல்ல மாட்டேன், பாப்பாவோடு உட்கார்ந்து நீங்களே பாருங்கள். இன்னொரு கதையில் அவன் தோட்டத்தில் வாழை காய்த்துத் தள்ளுகிறது. வீட்டில் தின்று முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களும் வேண்டாம் என்கிறார்கள், மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஊரில் வேறு பிள்ளைகள் இதைச் சிரிப்புக் கதையாகக் கேட்பார்கள். வாழைத்தாருக்கு விலை இல்லாமல் அப்பா தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிற கோபி, சத்தியமங்கலம் பிள்ளைகளுக்கு அதில் சிரிப்பு மட்டும் தெரியாது. “எங்க தாத்தனும் இப்படித்தான்” என்று ஒரு பையன் பெரிய மனுஷனாகச் சொன்னான்.

உங்கள் பையன் வயதுக்கு என் முதல் சிபாரிசு ராஜீவ் ஐப் எழுதி வரைந்த அம்மாச்சி புத்தகம். பேரனுக்கும் அம்மாச்சிக்கும் தேங்காய் பர்பி செய்ய ஆசை. மரத்திலிருந்து தேங்காயை எடுப்பதிலிருந்து பர்பியாகிற வரைக்கும், ஒவ்வொரு வேலைக்கும் கப்பி, நெம்புகோல், ஆப்பு என்று ஏதாவது ஒரு எளிய கருவி வந்துகொண்டே இருக்கும். விஞ்ஞானப் பாடம் என்று எங்கேயும் சொல்லாது. தேங்காய் உரிப்பதைப் பார்க்காத பிள்ளை நம் பக்கம் கிடையாது, அதனால் படத்தில் அம்மாச்சி செய்வதைத் திருத்தவே நாலு பேர் எழுந்து வருவார்கள். ஒருநாள் கப்பி வருகிற பக்கத்தில், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு அப்பாரு அந்தக் காலத்தில் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாடுகள் பள்ளத்தில் இறங்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும், பறி மேலே வந்து தண்ணீர் கொட்டும், அப்புறம் மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு வரும் என்றார். “ரிவர்ஸ்லயா?” என்று ஒருவன் கேட்க, அப்பாரு எழுந்து பின்பக்கமாக நடந்தே காட்டினார். அன்றைக்குப் புத்தகம் முடியவில்லை. முடியாவிட்டால் என்ன?

பிரதமின் புத்தகங்களில் பெரும்பாலானவற்றைக் காசில்லாமலே பெறலாம். ஸ்டோரிவீவர் என்று அவர்கள் 2015-இல் தொடங்கிய தளம் இருக்கிறது. யாரும் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். அதற்கு இடம் கொடுக்கிற பொது உரிமத்தில்தான் கதைகள் இருக்கின்றன. 1 முதல் 4 வரை படிநிலை போட்டிருப்பார்கள். பாப்பாவுக்கு 1, பையனுக்கு 2 என்று ஆரம்பிக்கலாம். யாரும் மொழிபெயர்க்கலாம் என்பதால் ஒரே கதைக்குத் தமிழில் இரண்டு மூன்று வடிவம், வேறு வேறு தலைப்பில் கிடக்கும். எழுதியவர் பெயரை வைத்துத் தேடுங்கள், எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துப் பார்த்து வாய்க்கு இசைவானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து அதைப் போனிலேயே காட்டாதீர்கள். பையன் போனுக்கு அழுகிறான் என்று நீங்களே சொல்கிறீர்கள். போனில் கதை காட்டினால் யானை தும்முவதற்குள் விரல் வேறு பக்கம் போய்விடும். ஜெராக்ஸ் கடையில் கலரில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைரல் போடச் சொல்லாதீர்கள், அந்தச் சுருளைப் பிடித்து இழுப்பதே பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டு. ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் ஒரு தாளுக்கு நாலு பக்கம் வரும். எங்கள் நூலகத்துக்குப் பக்கத்தில் பனியன் கம்பெனிக்குத் தைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். அடுக்கிய தாளை வாங்கி, மடிப்பின்மேல் பெரிய தையலாக ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்துவிடுவார். மெரூன் நூலில் தைத்த அந்தப் புத்தகங்கள் கடைப் புத்தகங்களைவிட அதிக நாள் உழைக்கின்றன. உங்கள் வீதியிலும் தையல் மெஷின் இல்லாமலா இருக்கும்?

இதில் இன்னொரு வசதியும் உண்டு. எங்கள் கதை நேரத்துக்கு ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். தமிழ் பேசுவார்கள், ஆனால் வீட்டில் அம்மாவுக்கு எழுத்து வேறு. அதே கதை அதே படங்களோடு ஒடியாவிலும் இந்தியிலும் கிடைப்பதால் அதையும் அச்செடுத்துக் கொடுத்தனுப்புகிறோம். ஒரு வாரம் ஒரு அம்மாவே வந்து ஒடியாவில் வாசித்தார். எங்கள் பிள்ளைகளுக்குக் கதை ஏற்கெனவே மனப்பாடம் என்பதால், சரியான பக்கத்தில் சரியாகச் சிரித்தார்கள்.

6 வயதுக்கு இன்னொன்று, ஸாய் விட்டேக்கர் எழுதிய காளி என்ற இருளர் சிறுவனின் கதை. இதுவும் தூலிகாதான். பாம்பு பிடிக்கிற குடும்பத்துப் பையன், பள்ளியில் யாரும் அவனோடு சேர்வதில்லை, மதியச் சாப்பாட்டில் அவன் கொண்டு வருகிற வறுத்த கறையானைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஒருநாள் வகுப்புக்குள்ளேயே சாரைப்பாம்பு வந்துவிடுகிறது. இதை வாசித்துவிட்டு, முதல் மழைக்குப் புற்றிலிருந்து கிளம்புகிற ஈசலைப் பிடித்து வறுத்துப் பொரியோடு சேர்த்துத் தின்றதை நம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பையனிடம் சொன்னால், அவனுக்குக் காளி சட்டென்று பக்கத்து வீட்டுப் பையனாகிவிடுவான். பாம்பு என்றாலே அடி என்று வளர்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, சாரை எலி பிடித்துத் தின்கிற, விஷமில்லாத பாம்பு என்பதையும் அப்படியே சொல்லிவிடலாம். பாப்பாவுக்கு இது இப்போது வேண்டாம்.

பையன் அரசுப் பள்ளியில் படித்தால், வாசிப்பு இயக்கப் புத்தகங்களை டீச்சரிடம் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கிறவனுக்கு நுழை சரியாக இருக்கும். ஆனால் அதைப் பகலில் அவன் படிக்கட்டும். இரவில் நீங்கள்தான் படிக்க வேண்டும். “எங்கே, இந்த வரியை நீ படி பார்க்கலாம்” என்று இரவிலும் ஆரம்பித்தால் அது ட்யூஷன். கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்பதும் அதே ரகம்.

இரவுக்கென்றே கேட்டதால்: பிரதமில் டிங்கு என்ற நாய்க்குட்டிக் கதை ஒன்று இருக்கிறது. தூக்கம் வராமல் வெளியே போய், இரவில் விழித்திருக்கிற உயிர்களைப் பார்த்துவிட்டு வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டே வாசிக்கலாம். கஜபதியை இரவில் எடுக்காதீர்கள், பதினோரு மணி வரை தும்மிக்கொண்டிருப்பீர்கள். விளக்கை அணைத்த பிறகு பாட்டுதான். அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ தொகுப்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். படம் பெரிதாக இருக்காது, ஆனால் சந்தம் 3 வயதுக் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு பாட்டு உங்களுக்கு மனப்பாடமாகிவிட்டால் பஸ்ஸிலும் உதவும்.

பழையதில் ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 10 தொகுதிகளாகக் கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம். தகவல்கள் பழசுதான். ஆனாலும் மழை பெய்கிற மதியத்தில் ஒரு தொகுதியை மடியில் விரித்து, படம் படமாகத் தள்ளிக்கொண்டு போவதற்கு 6 வயது நல்ல வயது. பழைய நூலகங்களில் பார்க்கலாம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் இருக்கிறது.

சிலர் உடனே நம்ம கொங்கு நாட்டுப் பொன்னர் சங்கர் கதையை, அதாவது அண்ணன்மார் கதையைப் படக்கதையாக வாங்கிக் கொடுக்கலாமே என்பார்கள். காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி 1960-களில் அந்தக் கதையைப் பதிவு செய்த பிரெண்டா பெக், பிற்பாடு அதைச் சித்திரத் தொடராகவும் படக்கதையாகவும் கொண்டுவந்திருக்கிறார். நம்ம கதைதான், பெருமைதான். ஆனால் வெட்டும் குத்தும் சாவும் அதிகம். பத்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. 6 வயதுக்குப் பன்றி வேட்டையை மட்டும் வாய்க்கதையாகச் சொல்லுங்கள், போதும்.

எங்கே வாங்குவது? கோயமுத்தூர் போனால் ராஜ வீதி விஜயா பதிப்பகத்தில் சிறுவர் பகுதியைப் பாருங்கள். திருப்பூர் புத்தகத் திருவிழா ஜனவரி கடைசியில், கோயமுத்தூர் கொடிசியாவில் ஜூலையில், ஈரோட்டில் ஆகஸ்டில். ஈரோட்டுத் திருவிழாவை மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்துகிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். ஞாயிறு சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், 3 வயதுக் குழந்தையோடு ஒரு ஸ்டாலிலும் நிற்க முடியாது. வார நாளில் மதியம் போனால் பாப்பாவைத் தரையில் உட்கார வைத்துப் புரட்ட விடலாம். நேஷனல் புக் டிரஸ்ட் ஸ்டாலில் நேரு பால புஸ்தகாலயம் வரிசையைக் கேளுங்கள், பாரதி புத்தகாலயத்தில் புக்ஸ் ஃபார் சில்ரன் அடுக்கைக் கேளுங்கள். நூறு ரூபாய்க்கு அஞ்சு என்று குவித்து வைத்திருக்கிற பளபளப்பான அட்டைகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். பையன் அதில் ஒரு கார் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அழ வைத்துக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.