91 வயதில் போன அம்மாவுக்காக ஒரு வருஷமாக அழலாமா?

மேடம், வணக்கம்.

என் அம்மா போன வருஷம் 91 வயதில் தூக்கத்திலேயே காலமானார். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், பூரண ஆயுசு, பேரன் பேத்தி எல்லாம் பார்த்தாச்சு, கர்த்தருக்குள் நித்திரையடைந்திருக்கிறார், ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அழக்கூடாது. நானும் தலையாட்டினேன். எனக்கு 58 வயது. இன்னமும் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால் தொண்டையை அடைக்கிறது.

ஞாயிறு அம்மாவுடைய நாள். மழையோ காய்ச்சலோ, முதல் மணி அடிக்கும்போது ஆலயத்தில் இருப்பார். அப்பா சீக்கிரமே போய்விட, எங்களைத் தனி ஆளாக வளர்த்தவர். கடைசிச் சில வருஷங்கள் மறதி நோய். என்னையே "நீங்க யாரும்மா?" என்று கேட்பார், ஆனால் நான் ஒரு ஞானப்பாட்டில் முதல் வரியைத் தொடங்கினால் சரணம் சரணமாக அவரே பாடி முடிப்பார்.

அவருடைய வேதாகமம் என்னிடம்தான் இருக்கிறது. ஓரங்களில் பென்சிலால் பொடிப் பொடியாகத் தேதிகள், பக்கத்தில் எங்கள் பெயர்களின் முதல் எழுத்து. என் பரீட்சை, அண்ணனுடைய ஆபரேஷன், எனக்கே மறந்துபோன ஒரு இன்டர்வியூ. கொஞ்சம் புரட்டியதும் மூடி வைத்துவிடுவேன்.

அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. பிள்ளைகள் சார்பில் நான் பேச வேண்டுமாம். "அழுதுடாதே, சாட்சியாப் பேசு" என்கிறார் அண்ணன். எழுத உட்கார்ந்தால் விசுவாசமுள்ள தாய், ஜெபிக்கிற தாய் என்று வருகிறதே தவிர அம்மா வரமாட்டேன் என்கிறார். அவர் சரியான கோபக்காரர், பிடிவாதக்காரர், அதையெல்லாம் ஆலயத்தில் சொல்லலாமா? நான் இப்படி இருப்பது இயல்புதானா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

இயல்புதான். வந்தவர்கள் அம்மாவின் வயதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் பக்கமிருந்து பாருங்கள், பிறந்ததிலிருந்து 57 வயது வரை அம்மா இல்லாத உலகம் என்று ஒன்றை நீங்கள் பார்த்ததே இல்லை. அவ்வளவு நீண்ட உறவு ஒரு வருஷத்தில் எப்படி ஆறும்? சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒத்துக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி 1989-இல் கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் விரிவாக எழுதினார். வயதான பெற்றோரைப் பறிகொடுத்தவர்களின் துக்கமும் பெரும்பாலும் இந்த வகையில்தான் போய்ச் சேருகிறது. அழ இடம் கிடைக்காத அழுகை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரத்தானே செய்யும்.

இன்னொன்று, நீங்கள் அம்மாவை இழந்தது போன வருஷம் மட்டும் இல்லை. "நீங்க யாரும்மா?" என்று அவர் கேட்ட அன்றே அது தொடங்கிவிட்டது. ஆள் எதிரில் இருந்தும் இல்லாமல் போகிற இந்த நிலையைப் பற்றி பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் நிறைய எழுதியிருக்கிறார், அதைத் தாங்குவது தனிக் கஷ்டம். பாட்டு நினைவிருந்தது, நான் நினைவில்லையே என்று எங்காவது ஒரு வலி இருந்தால் (கடிதத்தில் அது லேசாகத் தெரிகிறது), இதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பப் பாடிய பாட்டுகள் மறதி நோய் முற்றிய பிறகும் பலருக்குத் தங்கும். பாட்டைவிட மகள் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நீங்கள் முதல் வரியைத் தொடங்கியதால்தான் அவரால் பாட முடிந்தது, அந்த நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்தேதான் இருந்தீர்கள்.

அழுகை விசுவாசக் குறைவோ என்ற பயத்துக்கு உங்கள் வேதாகமத்திலேயே பதில் இருக்கிறது. இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு கல்லறைக்குப் போனார், போகும் வழியில் அழுதார். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதும் நம்பிக்கையில்லாதவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான், துக்கமே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. அண்ணனிடம் இதைப் பேசிப் பாருங்கள். அழாதே என்று அவர் சொல்வது, உங்களைப் பார்த்தால் தானும் உடைந்துவிடுவோம் என்ற பயத்தினாலும் இருக்கலாம்.

இறந்தவரோடு உள்ள பிணைப்பை அறுத்தால்தான் மனசு ஆறும் என்ற எண்ணம் எங்கள் மனநலத் துறையிலும் ரொம்ப காலம் இருந்தது. 1996-இல் க்ளாஸ், சில்வர்மேன், நிக்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதை மறுத்தார்கள். உறவு வேறு வடிவத்தில் தொடர்வது ஆரோக்கியமானதே என்றார்கள், என் அனுபவமும் அதுதான். அதனால் வேதாகமத்தை ஒரேயடியாக மூடி வைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பென்சில் குறிப்பு போதும், அழுகை வந்தால் வரட்டும்.

பேச்சும் அங்கேயே இருக்கிறது. "ஜெபிக்கிற தாய்" என்று சொன்னால் யார் அம்மாவுக்கும் பொருந்தும், நீங்களே மறந்த இன்டர்வியூவை ஒருவர் தேதி போட்டு வைத்திருந்தார் என்று சொன்னால் அது உங்கள் அம்மா மட்டும்தான். இரண்டு மூன்று குறிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் என்ன நாள், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். கோபத்தையும் சொல்லுங்கள், யாரையும் புண்படுத்தாத ஒரு சம்பவமாக. தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தவருக்குப் பிடிவாதம் இல்லாமல் முடிந்திருக்குமா? அவரைத் தெரிந்தவர்களுக்கு அப்போதுதான் நீங்கள் அவரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று படும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வயது வந்தவர்களுக்கு 12 மாதம் கடந்தும் அநேகமாகத் தினமும் அதே தீவிரத்தில் ஏக்கம், அன்றாட வேலை ஓடாமல் நிற்பது, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம், இதெல்லாம் சேர்ந்து இருந்தால் நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-இல் வகுத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனாலும் அந்த மாதிரி எண்ணம் எப்போது வந்தாலும், கெடு எதுவும் பார்க்காமல், உடனே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

அப்புறம், பேச்சைப் பெரிய எழுத்தில் எழுதி இன்னொரு பிரதியை அண்ணன் கையில் கொடுத்துவையுங்கள். உங்களுக்குக் குரல் அடைத்தால் விட்ட இடத்திலிருந்து அவர் வாசிக்கட்டும்.