ஆமையைப் பார்க்க அசையாமல் மிதக்கணும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடலைப் பற்றியவை. சேலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு மணிக்கணக்கில் பயணம். அதனால்தானோ என்னவோ, நம் ஊர்க்காரர்களுக்குக் கடல் மேல் தனி ஆசை. அந்தக் கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கிவிட்டேன்.

"டீச்சர், எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு மொரீஷியஸ் போகிறோம். அங்கே கேட்டமரான் படகில் ஒரு நாள் முழுக்கக் கூட்டிப்போய், ஸ்நார்க்கலிங் செய்யவிட்டு, பவளப்பாறையும் கடலாமையும் காட்டுகிறார்களாம். என் கணவர் கிணற்றில் நீந்தி வளர்ந்தவர். எனக்கு நீச்சலே தெரியாது. ஏற்காடு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும். நான் இதற்கெல்லாம் சரிப்பட்டு வருவேனா?"
– வாசகி, அஸ்தம்பட்டி

தாராளமாகப் போகலாம் அம்மா. ஆனால் இன்றிலிருந்து கிளம்பும் நாள்வரை ஒரு வேலை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேட்டமரானுக்கு அடிப்பாகம் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஒல்லிப் படகுகளை வைத்து, மேலே ஒரே தளமாகப் போட்டிருப்பார்கள். முன்பக்கம் வலை கட்டியிருக்கும். அதில் படுத்துக்கொண்டு கீழே ஓடும் தண்ணீரைப் பார்க்கலாம். அகலம் அதிகம் என்பதால் சாதாரணப் படகைப் போல இப்படியும் அப்படியும் உருளாது. ஆனாலும் அலை இருக்கும் நாளில் வெடுக்கு வெடுக்கென்று குலுக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் அவதிப்படுகிறவர் நீங்கள் என்றால், பயண வாந்திக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பெரிய பலன் இருக்காது. தளத்தின் நடுவில், பின்பக்கமாக உட்காருங்கள். செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம்.

இப்போது அந்த வேலை. ஸ்நார்க்கலிங்குக்கு நீச்சலை விட மிதக்கத் தெரிவதுதான் முக்கியம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குப்புறப் படுத்து, குழாய் வழியாக வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கையையும் காலையும் ஆட்டாமல் கிடக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். முதல் நாள் உடம்பு ஒத்துக்கொள்ளாது. முகம் நனைந்ததும் மூச்சை அடக்கச் சொல்லித்தான் உடம்பு கட்டளையிடும். குழாய் வாயில் இருப்பதை அது நம்பவே நம்பாது. அந்தப் பழக்கத்தை மொரீஷியஸ் கடலில், இருபது முப்பது பேர் நடுவில், கைடு விசில் ஊதிக்கொண்டிருக்கும்போது மாற்ற முடியாது. சேலத்தில், நெஞ்சளவு ஆழமுள்ள நீச்சல் குளத்தில் மாற்றிவிடலாம்.

ஒரு மாஸ்க்கும் குழாயும் வாங்கிக்கொண்டு, பயிற்சியாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். முதலில் சுவரைப் பிடித்து நின்றபடியே முகத்தை மட்டும் உள்ளே வையுங்கள். மூச்சை இழுப்பதை விட விடுவதை நீளமாக்குங்கள். அது நிதானத்துக்கு வந்த பிறகு காலைத் தூக்குங்கள், அப்புறம் கையை எடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் 'பூ' என்று ஒரே மூச்சில் ஊதி வெளியேற்றவும், மாஸ்க்குக்குள் வந்தால் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி மேல்விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி வெளியேற்றவும் பழகிவிட்டால் பயம் பெரும்பாலும் போய்விடும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வேண்டவே வேண்டாம். தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்ற வராது.

படகில் லைஃப் ஜாக்கெட் தருவார்கள். கழுத்தை முட்டும் தடித்த ஜாக்கெட் ஆளை நிமிர்த்தி நிறுத்தப் பார்க்கும், குப்புறப் படுக்க விடாது. காற்று ஊதிக்கொள்ளும் ஸ்நார்க்கலிங் ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். கூடவே இன்னும் சில: படகில் எத்தனை பேர்? தண்ணீருக்குள் நம்மோடு இறங்க எத்தனை கைடு? பவளப்பாறைமேல் நங்கூரம் போடுவார்களா, அல்லது ஏற்கெனவே கட்டிவைத்த மிதவையில் கட்டுவார்களா? நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடுகிறவர்கள் எவ்வளவு மலிவாகக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளரும் பவளங்கள் உண்டு. அதன் மேல் இரும்பு விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. நானும் வாழப்பாடிப் பக்கம் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவள்தான், அந்த வீரம் எனக்குத் தெரியும். ஆனால் கிணற்றில் நாலு வீச்சில் படிக்கட்டு வந்துவிடும். கடலில் நீரோட்டம் உண்டு, பிடித்துக்கொள்ளப் படி கிடையாது. கிணற்று நீச்சல்காரர்கள் கால்களைப் பலமாக உதைத்துப் பழகியவர்கள். துடுப்புக் காலணி மாட்டிக்கொண்டு அப்படி உதைத்தால் பவளம் உடையும், ஆமையும் தூரப் போய்விடும். படகில் அதிகம் ஆமை பார்த்தவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிடத்தில் சும்மா கிடந்தவராகத்தான் இருப்பார். அவரையும் குளத்துக்குக் கூட்டிப்போய் அசையாமல் மிதக்கப் பழக்குங்கள்.

அப்படிக் கிடந்தால் என்னவெல்லாம் கிடைக்கும் தெரியுமா? முதலில் காது திறக்கும். கிளிமீன்கள் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டித் தின்னும் சத்தம், யாரோ தட்டுவடை கடிப்பது போல நறுக் நறுக்கென்று கேட்கும். பாறையில் படர்ந்த பாசிக்காகத்தான் அத்தனை சுரண்டலும். விழுங்கிய சுண்ணாம்புக் கல்லை அரைத்து மணலாகக் கழித்துவிடும். நீங்கள் காலாற நடக்கும் வெள்ளை மணலில் கொஞ்சம் அதன் உபயம். அப்புறம் கண் பழகும். பாறை என்று நினைத்தது கழுத்தை நீட்டும். பேராமை என்றால் கடல்புல்லை மேய்ந்துகொண்டிருக்கும். அழுங்காமை என்றால் கூரிய அலகைப் பவள இடுக்கில் நுழைத்துக் கடற்பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருக்கும். ஓட்டின் மேல் ஒட்டுமீன் ஒன்று ஓசிப் பயணம் போகும். மூச்சு வாங்க ஆமை மேலே வரும்போது உங்கள் மாஸ்க்கும் தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கும். மூக்குத் துளை திறந்து, 'புஸ்' என்று ஒரு மூச்சு, உடனே இன்னொன்றை இழுத்துக்கொண்டு தலைகுப்புறக் கீழே போய்விடும்.

ஆனால் ஆமை காட்டுயிர். எந்தப் படகுக்காரராவது ஆமை நிச்சயம் என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சு. ஜூன் முதல் செப்டம்பர் வரை போவதானால் மொரீஷியஸில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். அப்போது மேற்குக் கரைப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள், தண்ணீர் அமைதியாக இருக்கும். இன்னொரு சந்தோஷம்: அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையும் உண்டு. அந்நியமாகத் தோன்றாது.

"எனக்கு மீசை பெரிது, கண்ணாடி பவரும் மூன்றுக்கு மேல். மாஸ்க் போட முடியுமா?"
– வாசகர், அம்மாபேட்டை

முடியும். மூக்குக்கு நேர் கீழே இருக்கும் மீசையை மட்டும் ஒட்ட வெட்டினால் போதும், மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலில் படிய வேண்டும். கடையிலேயே பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிவிட்டுக் கையை எடுங்கள். விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்கான மாஸ்க். பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. தண்ணீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், பவர் மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு அதுகூடத் தேவைப்படாது. உங்களுக்குத் தேவை. ஆவி படியாமல் இருக்கக் குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டு தடவிக் கழுவுங்கள்.

"நாங்கள் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறோம். பையன் நண்பர்களோடு புதுச்சேரி போய்க் காலையில் இரண்டு முறை ஸ்கூபா டைவ் செய்துவிட்டு, அன்று ராத்திரியே காரில் வீடு திரும்புவதாகத் திட்டம். இரவில் மலைப்பாதை ஓட்டுவதுதான் என் கவலை. சொல்லிவையுங்கள் டீச்சர்."
– ஒரு தாய், ஏற்காடு

மலைப்பாதையை விடப் பெரிய கவலை ஒன்று இதில் இருக்கிறது அம்மா. அன்று ராத்திரி அவன் மலை ஏறவே கூடாது.

ஸ்கூபாவில் தண்ணீருக்கு அடியில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கிறோம். அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்கும். மேலே வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வழியே வெளியேறும். அதற்கு முன்பே காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டுவலி, மரத்துப்போவது, தலைசுற்றல் என்று ஆரம்பித்து மோசமாகவும் ஆகலாம். அதனால்தான் ஒருமுறை டைவ் செய்தவர் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை செய்தவர் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்று முக்குளிப்போருக்கு விதி வைத்திருக்கிறார்கள். 2,000 அடிக்கு மேல் மலை ஏறுவதும் அதே கணக்குத்தான். ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. அந்த ராத்திரியைப் புதுச்சேரியிலோ சேலம் டவுனிலோ கழித்துவிட்டு மறுநாள் மதியத்துக்கு மேல் வரச் சொல்லுங்கள். டைவ் செய்த பிறகு எந்தத் தொந்தரவு வந்தாலும், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது 'நான் ஸ்கூபா செய்தேன்' என்பதைத்தான்.

நீர்மட்டத்திலேயே மிதந்து வெளிக்காற்றைச் சுவாசிக்கும் ஸ்நார்க்கலிங்குக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

"ஆமையைத் தொட்டு ஒரு போட்டோ எடுத்தால் அதற்கு என்ன நஷ்டம்?"
– கல்லூரி மாணவர், சேலம்

நஷ்டம் உண்டு. ஆமை மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டிய பிராணி. பத்துப் பேர் செல்போனோடு அதன் தலைக்கு மேல் வட்டம் கட்டினால், மூச்சு வாங்காமலே திரும்பிக் கீழே போய்விடும். பத்தடி தள்ளியே இருங்கள், அதன் வழியை மறிக்காதீர்கள். ஆமை தன் துடுப்பை வேகமாக அடித்துத் திசை மாற்றினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். நின்றுவிடுங்கள். அதுவாக உங்கள் பக்கம் வந்தால் அது உங்கள் பாக்கியம், கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். மீனுக்கு பிரெட் போடுவதும் வேண்டாம்.

"வீட்டு மீன்தொட்டிக்கு ஒரு பவளத் துண்டு கொண்டு வரலாமா?"
– வாசகர், சூரமங்கலம்

கூடாது. கரையில் ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் வேண்டாம். நம் நாட்டில் பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

"கடலில் இறங்க எங்கள் வீட்டுப் பெண்கள் என்ன உடுத்துவது? சன்ஸ்கிரீன் கட்டாயமா?"
– வாசகி, ஓமலூர்

முழுக்கை, முழுக்கால் லைக்ரா நீச்சலுடை இப்போது எல்லா அளவிலும் கிடைக்கிறது. கூச்சமும் இல்லை, வெயிலும் படாது. பருத்திச் சுடிதாரும் டீ-ஷர்ட்டும் தண்ணீர் குடித்துக் கனக்கும், வேண்டாம். குப்புற மிதக்கும்போது பின்கழுத்தும் கெண்டைக்காலும்தான் வெந்துபோகும். இந்த உடை போட்டால் அங்கெல்லாம் கிரீமே வேண்டாம். முகத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு உள்ளதைப் பூசுங்கள். பவளத்துக்குக் கேடு என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. வாங்குமுன் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

"வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி நான். மொரீஷியஸெல்லாம் கனவு. என் மகளுக்குக் கடலாமையைக் காட்ட வேறு வழி உண்டா?"
– வாசகர், செவ்வாய்பேட்டை

நிச்சயம் உண்டு, ஐயா. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர் குழு ஒன்று பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் இரவில் மணலில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துக் காவல் காக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். மகள் சின்னவள், இரவு முழுக்க நடக்க மாட்டாள் என்றால் மார்ச்சிலோ ஏப்ரலிலோ போங்கள். சாயங்காலத்தில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கும்.

என்றைக்காவது கொஞ்சம் பணம் சேர்ந்தால், மகள் நீந்தப் பழகியிருந்தால், திருகோணமலைக்குப் போய்வாருங்கள். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் ஸ்நார்க்கலிங் செய்யலாம், ஆமைகளும் உண்டு. அங்கே மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி, நம் பள்ளி விடுமுறைக்குச் சரியாக வரும். படகுக்காரர்களிடம் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

"டீச்சர், கடலாமை பயந்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளுமா? மேட்டூரில் நான் பார்த்த ஆமை இழுத்துக்கொண்டது."
– ஏழாம் வகுப்பு மாணவன், மேட்டூர்

இழுக்காது கண்ணு. கடலாமைக்குத் தலையையும் துடுப்புகளையும் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. நீ அணைப் பக்கம் பார்த்தது நன்னீர் ஆமை, அதற்கு நகம் வைத்த கால் இருந்திருக்கும். கடலாமைக்கு அந்த இடத்தில் நீளமான துடுப்பு. ஆபத்து வந்தால் அது நீந்தித்தான் தப்பிக்கும். அடுத்த முறை மேட்டூரில் ஆமையைப் பார்த்தால் காலில் எத்தனை நகம், விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கிறதா என்று தூர நின்றே கவனித்து எனக்கு எழுது.