கிராமத்து வீடு வாங்கும் முன் கட்டட ஆய்வு: கேள்வி பதில்

பழைய வீடுகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது என் தொழில். 22 ஆண்டுகளாகச் செய்கிறேன். கிராமத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள் கட்டடத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். பத்திரம், வாரிசு உரிமை, வரி பற்றி வழக்கறிஞரிடம் கேட்பதுதான் சரி.

கேள்வி: மேடம், சர்வே என்றால் நிலத்தை அளப்பதுதானே? அதை விற்பவரே செய்து தருகிறேன் என்கிறார்.

அது நில அளவை. எல்லை எங்கே, பரப்பு எவ்வளவு என்று சொல்லும். அதுவும் அவசியம்தான். வேலி ஓர் இடத்திலும் ஆவணத்தில் உள்ள எல்லை இன்னோர் இடத்திலும் இருக்கும் கிராமத்து மனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அளக்கும்போது நீங்களும் கூடவே நில்லுங்கள்.

நான் பேசுவது கட்டட ஆய்வு. கடைக்கால், சுவர், கூரை, மரம், தரை, வடிகால், மின் இணைப்பு எல்லாவற்றையும் ஒருவர் தொட்டு, தட்டி, அளந்து பார்ப்பார். எது கெட்டிருக்கிறது, எதனால் கெட்டது, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதித் தருவார். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். ஆய்வு செய்பவரை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவரோ தரகரோ "எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துக் கடனுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். தனியாக ஆய்வு எதற்கு?

அவர் வங்கிக்காக வந்தவர். கடன் திரும்பி வராவிட்டால் வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்று பார்ப்பது அவர் வேலை. கூரைக்குள் ஏறிப் பார்த்திருக்க மாட்டார். உங்களுக்காக ஒருவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: அக்கா, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே போகும் ஒரு விரிசல். நகம் நுழைகிறது. வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

வீட்டைப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில் அகலம். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த ஒரு வரிசையைப் பொறியாளர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 1 மில்லிமீட்டர் வரை வண்ணம் அடிக்கும்போது அடைத்துவிடலாம். 5 மில்லிமீட்டர் வரை லேசான சேதம். 5 முதல் 15 வரை போனால் கதவு, சன்னல் இறுகத் தொடங்கும், சுவரில் கொஞ்சம் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கலாம். 15-க்கு மேல் கடுமையான சேதம். 25-ஐத் தாண்டினால் அந்தப் பகுதியையே இடித்துக் கட்டும் நிலை வரலாம்.

ஆனால் அகலத்தை மட்டும் வைத்து நான் எதையும் தீர்மானிப்பதில்லை. விரிசல் இன்னும் நகர்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். 2 மில்லிமீட்டர் விரிசல் நகர்ந்துகொண்டிருந்தால், நாற்பது வருடமாக அசையாத 8 மில்லிமீட்டர் விரிசலைவிட அதற்குத்தான் கவலைப்படுவேன். உள்ளே ஒட்டடையும் பழைய வண்ணமும் இருந்தால் அது பழசு. ஓரங்கள் கூர்மையாக, உள்பக்கம் சுத்தமாக இருந்தால் புதுசு. சுவரின் மறுபக்கம் அதே இடத்திலும் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பூச்சு மட்டும் வெடிக்கவில்லை, சுவரே பிளந்திருக்கிறது. மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால், பெரும்பாலும் சுவரின் அந்த முனை கீழே இறங்கியிருக்கும்.

நேரம் இருந்தால் விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பது பழைய முறை. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மழைக்காலமும் வெயில்காலமும் கடந்தால்தான் முழு உண்மை தெரியும்.

அப்புறம் வெளியே போய் அந்த மூலையின் அடியைப் பாருங்கள். கூரைத் தண்ணீர் அங்கேயே கொட்டுகிறதா? களிமண்ணா? களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கடைக்கால் ஆழமில்லாத பழைய வீடு அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் உடனே வெட்டிவிடாதீர்கள். இத்தனை நாள் அது உறிஞ்சிய தண்ணீர் மண்ணிலேயே தங்கி, களிமண் உப்பி, சுவரை மேலே தள்ளக்கூடும். மரத்தைப் பற்றி ஆய்வாளரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: விற்பவர் புதுசாக வண்ணம் அடித்து வைத்திருக்கிறார். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. இதற்குமா ஆய்வு?

இதற்குத்தான் ஆய்வு. வீடு முழுக்க அடித்திருந்தால் அது வழக்கம். ஓர் அறையில் ஒரே ஒரு சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் அடித்திருந்தால், அந்த இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்று ஒலி வந்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

கேள்வி: இந்த விரிசலையும் கொஞ்சம் சொல்லுங்கள் மேடம். சமையலறைச் சுவரில், மெல்லியது.

மேலே விரிசலுக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு அளந்து பாருங்கள்.

கேள்வி: என் மாமா முப்பது வருடக் கொத்தனார். அவர் பார்த்தால் போதாதா? பொறியாளருக்கு எதற்குத் தனியாகப் பணம்?

மாமாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்ல அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை வேறு. விலை பேசும்போது மேசையில் வைக்கலாம், பின்னால் தகராறு வந்தாலும் காட்டலாம். இன்னொன்று: பழுதைக் கண்டுபிடிக்கும் ஆளும் அதைச் சரிசெய்து பணம் வாங்கும் ஆளும் ஒருவராக இருக்கக் கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதில் சிக்கல் உண்டு.

அம்மா, நானும் கொத்தனார்தான். மண் சுவரில் ஓதம் ஏறினால் பழைய பூச்சைக் கொத்திவிட்டு நல்ல சிமென்ட் பூச்சு போட்டால் முடிந்தது. இதற்கு அறிக்கையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எத்தனையோ வீட்டுக்குச் செய்திருக்கிறேன்.

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த ஒன்றில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. நான் பார்த்த கிராமத்து வீடுகளில் அதிகச் சேதத்துக்குக் காரணமே இந்தச் சிமென்ட் பூச்சுதான்.

போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். அதற்கு முன் கட்டிய வீடுகள் பெரும்பாலும் மண், சுண்ணாம்பு, கல், மரம்தான். அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கும், காற்று பட்டால் வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடம் கொடுக்கிறது. சுவர் லேசாக அசைந்தாலும் கூடவே வளைந்து கொடுக்கும். சிமென்ட் பூச்சு கெட்டி, அசையாது. சுவர் அசைந்தால் மயிரிழையாக வெடிக்கும். மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக உள்ளே போகும், வெளியே வரத்தான் வழி இருக்காது. மண் சுவர் நனைய நனைய வலு இழக்கும். வெளியே பார்த்தால் கல் மாதிரி நிற்கும், உள்ளே சேறு.

அம்மா, நான் பூசிய வீடுகள் பதினைந்து வருடமாக நிற்கின்றன. கீழே ஓதம் தெரிந்தால் இன்னும் ஓர் அடி மேலே வரை பூசிவிடுவோம், நின்றுவிடும்.

அந்த ஓர் அடியைத்தான் சொல்கிறேன் அண்ணா. தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஓதம் சாதாரணமாக ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும். அந்த உயரத்துக்குள் ஆவியாகிப் போய்விடுவதால்தான் நிற்கிறது. நீங்கள் அந்தப் பரப்பை மூடினால் ஈரம் இன்னும் மேலே ஏறி, உங்கள் பூச்சு முடியும் இடத்துக்கு மேலே உப்புப் பூக்கும். அதற்கு மேலே இன்னோர் அடி பூசுவீர்கள். அப்படி மூன்று தடவை பூசிய சுவரைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஈரம் உத்தரம் செருகிய இடத்தைத் தொட்டு, உத்தரத்தின் முனை மக்கிவிட்டது.

கேள்வி: ஓட்டுக் கூரையில் எதைப் பார்க்க வேண்டும்?

தெருவில் தள்ளி நின்று முகட்டைப் பாருங்கள். நேர்கோடாக இல்லாமல் நடுவில் தொய்ந்திருந்தால், கைமரமோ உத்தரமோ தளர்ந்திருக்கலாம். உள்ளே மரம் சுவருக்குள் நுழையும் முனைகளில்தான் முதலில் கெடும். ஈரமானியில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடித்து மக்காது. அதற்கு மேலே தொடர்ந்து இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, அதைத் தேட வேண்டும். கரையானின் மண் குழாய் தெரிந்தால் ஒரு விரல் நீளம் உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் கரையான் உள்ளே உயிரோடு இருக்கிறது. கட்டவில்லை என்பதால் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், வேறு வழியில் போயிருக்கலாம்.

ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு, புதுப் பலகை அடித்து மறைத்த கூரை ஒன்றை ஆய்வு செய்தேன். பலகையைக் கழற்ற அனுமதி இல்லை என்றார்கள். "மேற்பகுதி பார்க்கப்படவில்லை" என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். வாங்கியவர்கள் அந்த வரியைப் படிக்கவில்லை. பலகைக்குப் பின்னால் கைமரங்களில் பாதி உளுத்திருந்தன. அன்றிலிருந்து பார்க்க முடியாத இடங்களை முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன். உங்கள் அறிக்கையிலும் அந்தப் பகுதியை முதலில் தேடிப் படியுங்கள்.

சிமென்ட் அட்டைக் கூரை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். கண்ணால் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்லும். அதுவரை துளை போடுவதும் உடைப்பதும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும்.

கேள்வி: கிணறும் செப்டிக் டேங்கும் இருக்கின்றன. ஆய்வில் அதெல்லாம் வருமா?

சாதாரண ஆய்வில் மூடியைத் திறந்து பார்ப்பதோடு முடிந்துவிடும். தண்ணீரை ஆய்வகத்துக்குத் தனியாகக் கொடுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃப்ளூரைடு 1.5 மில்லிகிராம், ஆர்செனிக் 0.01 மில்லிகிராம். ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் நைட்ரேட் சோதனையை விட்டுவிடவே வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தொட்டி எங்கே இருக்கிறது, கிணற்றுக்கு மேட்டுப் பக்கமா, கழிவுநீர் எங்கே போய் இறங்குகிறது என்று நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். தெரியாது என்று விற்பவர் சொன்னால், தெரியும் வரை வாங்காதீர்கள்.

கேள்வி: பாதைக்கு வழி உரிமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வழக்கறிஞர்.

கேள்வி: இது கான்கிரீட் வீடு, பழசும் இல்லை. பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆய்வு தேவையா?

"பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது" என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் இதுதான் பதில்: தேவை.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை pH அளவில் 12, 13 இருக்கும். உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது அதுதான். காற்றில் உள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே போய் அதை 9-க்கும் கீழே இறக்கிவிடும். கம்பியின் மேல் கான்கிரீட் மூடல் குறைவாக இருந்தால் இது சீக்கிரம் நடக்கும். துரு தன் இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில் தளம் வெடித்து அடியில் சில்லுச் சில்லாகப் பெயரும். தளத்தின் அடியில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாகப் பழுப்புக் கறையோ விரிசலோ இருந்தால் ஆய்வாளரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: ஆய்வு செய்துவிட்டோம். நாற்பது பக்கத்துக்குக் குறைகள். வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். எந்தப் பழைய வீட்டுக்கும் நீளமான அறிக்கைதான் வரும். ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: உயிருக்கு ஆபத்தானது எது? ஒரு வருடத்துக்குள் செய்தாக வேண்டியது எது? இந்த வீட்டை நீங்கள் வாங்குவீர்களா? எழுத்தில் சொல்லத் தயங்குவதைப் பேச்சில் சொல்வார்கள். பெரிய பழுதுகளுக்குச் செலவுக் கணக்கு வாங்கி, விலையில் குறைக்கக் கேளுங்கள். குறைக்காவிட்டாலும், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குவீர்கள். கடைக்கால் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, காரணமும் தெரியவில்லை என்று எழுதியிருந்தால் மட்டும் நானே விட்டுவிடுவேன்.

கேள்வி: அக்கா, என் வீட்டு விரிசல் 3 மில்லிமீட்டர்...

5-க்குக் கீழே. பென்சில், தேதி. நகர்ந்தால் ஆளை அழையுங்கள்.

அம்மா, மறுபடி அந்தக் கொத்தனார்தான். நீங்கள் சொன்னதை யோசித்தேன். மேலே மேலே உப்பு ஏறுவது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். சரி, ஏற்கெனவே சிமென்ட் பூசிய மண் சுவரை இப்போது என்ன செய்வது? முழுக்கக் கொத்தினால் சுவரும் கூடவே வந்துவிடுமே.

வந்துவிடும் அண்ணா, உண்மை. அதனால்தான் ஒரே நாளில் கொத்தக் கூடாது. முதலில் வெளித்தண்ணீரை நிறுத்துங்கள். கூரைத் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். வெளியே தரை மட்டம் உயர்ந்து உள்தரைக்கு மேலே வந்திருந்தால் தோண்டி இறக்குங்கள், கடைக்காலுக்குக் கீழே போகாமல். அப்புறம் தட்டிப் பார்த்து, வெற்று ஒலி வரும் இடத்தில் மட்டும் அடியில் இரண்டடி உயரத்துக்குச் சிறு சிறு துண்டாகப் பிரியுங்கள். உள்ளே மண் கையில் பிசைய வந்தால் அங்கேயே நிறுத்தி, பாரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கெட்டியாக இருந்தால் திறந்தபடி காய விடுங்கள். மாதக்கணக்கில் ஆகும், வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காய்ந்தபின் மண் சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ பூசுங்கள். நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் மற்ற இடங்களை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.